ஜோசப்பினுக்கு இன்னும் அறுபத்தைந்து ஆகவில்லை

ஸ்டெபனி: அங்கிள், மூண்டாந்தரம் கேக்கிறீங்கள். ரெண்டு டொலர்தான். ஒரு மருந்துக்கு ரெண்டு.

இக்னேசியஸ்: நாலு மருந்துக்கும்?

ஸ்டெபனி: நாலுக்கும் எட்டு.

இக்னேசியஸ்: போன மாசம் இதே நாலுக்கும் நூற்றிமுப்பது குடுத்தனான். இதே பாமசியில, இதே கவுண்டரில. உம்மட கையிலதான் தந்தனான் பிள்ளை.

ஸ்டெபனி: போன மாசம் உங்களுக்கு அறுபத்தஞ்சு முடியேல்லை. இப்ப முடிஞ்சிட்டுது. முதலாம் தேதியில இருந்து கவர்மென்ற் குடுக்குது.

ஜோசப்பின்: காலமையில இருந்து இந்தக் கதைதான் ஸ்டெபனி. லொத்தர் விழுந்த மாதிரி. பஸ் ட்ரைவருக்கும் சொன்னவர்.

இக்னேசியஸ்: அவன் கேட்டவன்.

ஜோசப்பின்: அவன் பஸ் காட்டை மெஷினில தட்டச் சொன்னவன். உங்கட வயதை அவன் கேக்கேல்லை.

இக்னேசியஸ்: கேட்டும் கேளாமலும் ஒரு நல்ல செய்தி சொன்னா என்ன குறைஞ்சு போம்? அவனும் சிரிச்சவன்.

ஜோசப்பின்: கிழவன் எண்டு கவர்மென்ற் எழுதித் தந்ததுக்கு இவ்வளவு சந்தோசப்படுற ஒரே மனுசன் கனடாவில, எங்கட வெக்ஸ்போர்ட் ஏரியாவில இவர்தான்.

இக்னேசியஸ்: நீர் குமரி. உமக்கு எங்க விளங்கப் போகுது.

ஜோசப்பின்: ...சரி, எட்டு டொலரைக் குடுத்திட்டு வாங்கோ. பஸ் போகப் போகுது.

ஸ்டெபனி: அங்கிள், எல்லாருக்கும் ரெண்டு இல்லை. மற்றச் சீனியர்ஸ் வருசத்துக்கு முதல் நூறு டொலரைத் தாங்களே கட்டோணும். அதுக்குப் பிறகும் மருந்துக்கு ஆறு டொலருக்குக் கிட்ட. உங்கட ரெண்டு பேற்ற வருமானமும் அந்த எல்லைக்குக் கீழ எண்டபடியாத்தான் நூறும் இல்லை, ஆறும் இல்லை. நீங்கள் ரெண்டு பேரும் சைன் பண்ணி அனுப்பினீங்களே, அந்த ஃபோம்.

இக்னேசியஸ்: அண்டைக்கு ஃபோமில 'வருமானம் குறைவு' எண்டு வாசிக்க வெக்கமாக் கிடந்தது. இப்ப ஒரு வெக்கமும் இல்லை.

ஜோசப்பின்: பாத்தியோ. எட்டு டொலரோட வெக்கமும் போச்சு.

ஸ்டெபனி: அன்ரி... நில்லுங்கோ. போகாதேங்கோ. உங்கட மருந்து?

ஜோசப்பின்: என்னட்டை இருக்கு.

ஸ்டெபனி: எவ்வளவு இருக்கு?

ஜோசப்பின்: காணும்.

ஸ்டெபனி: இல்லை, நான் சும்மா கேக்கேல்லை. இஞ்ச கொம்பியூட்டரில இருக்கு. ஜூலை ஒன்பதாம் தேதி எடுத்திருக்கிறீங்கள். நூற்றியிருபது குளிசை. காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. அறுபது நாளைக்கு.

ஜோசப்பின்: ஓம்.

ஸ்டெபனி: அப்ப செப்டெம்பரில முடிஞ்சிருக்கோணும். இண்டைக்கு நவம்பர் மூண்டு.

ஜோசப்பின்: முந்தி எடுத்ததில மிச்சம் கிடந்தது.

ஸ்டெபனி: முந்தி எடுத்ததும் இதில இருக்கு அன்ரி. மிச்சம் வராது.

இக்னேசியஸ்: பிள்ளை, உம்மட கொம்பியூட்டர் பிழையாக்கும். அவ ஒரு நாளும் விடமாட்டா. பின்னேரம் எட்டு மணிக்கு நான்தான் தண்ணி எடுத்துக் குடுக்கிறனான். எனக்கு முன்னாலதான் வாயில போடுறவ.

ஸ்டெபனி: அன்ரி, போத்தலில எத்தினை மிச்சம்?

ஜோசப்பின்: ...நான் எண்ணேல்லை.

ஸ்டெபனி: ஹாண்ட்பாக்கில இருக்கோ? தாங்கோ, நான் எண்ணுறன்.

ஜோசப்பின்: மூண்டு.

ஸ்டெபனி: எண்ணேல்லை எண்டு சொன்னீங்கள்.

ஜோசப்பின்: காலமை எண்ணினனான்.

ஸ்டெபனி: நூற்றியிருபதில மூண்டு மிச்சம். நூற்றிப்பதினேழு நாள் ஆச்சுது. அப்ப... நாளைக்கு ஒண்டு.

இக்னேசியஸ்: இல்லையில்லை. பின்னேரக் குளிசை நான் கண்ணால காணுறனான். வெள்ளை, வட்டம். எட்டு மணிச் செய்தி தொடங்கேக்கை.

ஜோசப்பின்: பஸ் போகுது, வாங்கோ.

இக்னேசியஸ்: இஞ்சேரும். என்ன போட்டனீர்?

ஜோசப்பின்: விற்றமின்.

இக்னேசியஸ்: என்ன?

ஜோசப்பின்: டொலர் கடையில வாங்கினது. கிட்டத்தட்ட ஒரே நிறம்தான்.

இக்னேசியஸ்: ...நான் தண்ணி கொண்டுவந்து தர, நீர் எனக்கு முன்னால இருந்து விற்றமினை விழுங்கினனீர்.

ஜோசப்பின்: விற்றமினும் நல்லதுதானே.

இக்னேசியஸ்: பகிடி விடாதையும்.

ஜோசப்பின்: காலமைக் குளிசையை ஒழுங்காப் போட்டனான். சத்தியமா. பின்னேரத்தை மட்டும்தான் விட்டனான். பின்னேரம் என்ன வேலை செய்யிறன்? கதிரையில இருக்கிறன், செபமாலை சொல்லுறன், படுக்கிறன். அதுக்கு ஏன் ஒரு குளிசையைச் செலவழிப்பான் எண்டு...

ஸ்டெபனி: அன்ரி, இது அப்பிடி இல்லை. உங்கட நெஞ்சு சில நேரம் தாளம் தப்பி அடிக்குதெல்லோ. அந்த நேரம் உள்ளுக்க இரத்தம் தேங்கிக் கட்டியாகும். ஆகாமல் இருக்கத்தான் இந்தக் குளிசை. பன்னிரண்டு மணித்தியாலம்தான் நிக்கும். இரவைக்கு விட்டா, விடியுமட்டும் நீங்கள் ஒண்டும் போடாத மாதிரித்தான்.

ஜோசப்பின்: ஒண்டும் நடக்கேல்லையே.

ஸ்டெபனி: நடந்தா ஸ்ட்ரோக். அதுக்கு முதல் சொல்லிப்போட்டு வராது.

இக்னேசியஸ்: நூற்றிப்பதினேழு இரவு. நான் பக்கத்திலதான் படுத்துக் குறட்டை விட்டனான்.

ஜோசப்பின்: நீங்கள் குறட்டை விட்டது நல்லது. எனக்கு உயிரோட இருக்கிறன் எண்டு தெரிஞ்சுது.

இக்னேசியஸ்: ஜோசப்பின்.

ஜோசப்பின்: சரி. பிழைதான். சரி.

ஸ்டெபனி: அங்கிள், இதில இருங்கோ. ரெண்டு பேரும் இருங்கோ. உந்தக் கதிரையில. பிறெஷர் பாக்கிற மெஷினுக்குப் பக்கத்தில. நான் இண்டைக்குப் பத்து நாளைக்கு அன்ரிக்குத் தாறன், காசு பிறகு பாப்பம். ஆனா அன்ரி, ஏன்? என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் கோயில் கொயரில எனக்குப் பின்னாலதான் நிக்கிறீங்கள்.

ஜோசப்பின்: தேவநற்கருணைப் பாட்டுக்கு நடுவில குளிசைக் கதை கதைக்க ஏலுமே?

ஸ்டெபனி: நீங்கள் வேலை செய்த பாண் பக்டரி மூடினாப் பிறகுதானே இப்பிடி?

ஜோசப்பின்: ஓம். பதினெட்டு வருசம் அதில பாண் சுத்தினனான். இன்சூரன்ஸ் காட் ஒண்டு தந்தவை, அதைக் காட்டினா மருந்துக்கு அரைவாசி கூட வராது. மார்ச்சில கதவை மூடினாங்கள், காட்டும் போச்சு. இவற்ர செக்குரிட்டி வேலைக்கு ஒரு நாளும் அப்பிடி ஒண்டு இல்லை. என்ர மூண்டு மருந்தும் மாசம் நூற்றியெண்பது. அதில இது ஒண்டுதான் கூட.

இக்னேசியஸ்: மகன் யூட்சனிட்டைக் கேட்டிருக்கலாம்.

ஜோசப்பின்: யூட்சனுக்கு வீடு வாங்கின கடன், ரெண்டு பிள்ளையளின்ர டேகெயார். அவனிட்டைக் கேட்டா அவன் தருவான். அதுதான் கேக்கேல்லை.

இக்னேசியஸ்: என்னட்டை?

ஜோசப்பின்: உங்களிட்டைக் கேட்டா உங்கட மருந்தை நிப்பாட்டுவியள். உங்களை எனக்குத் தெரியாதே?

இக்னேசியஸ்: ...அது வேற கதை.

ஜோசப்பின்: எப்பிடி வேற கதை?

இக்னேசியஸ்: நான் விட்டா எனக்குச் சீனிதான் கூடும். உமக்கு... பிள்ளை சொன்னது கேக்கேல்லையோ.

ஸ்டெபனி: ஒருத்தரும் ஒண்டையும் விடத் தேவையில்லை. இந்தாங்கோ, இது வேற ஒரு ஃபோம். அறுபத்தஞ்சுக்குக் கீழ உள்ள ஆக்களுக்கு. வீட்டு வருமானத்தைப் பாத்து ஒரு எல்லை வைப்பினம். அந்த எல்லை வரைக்கும் உங்கட காசு. அதுக்கு மேல போனா அவை குடுப்பினம்.

இக்னேசியஸ்: எவ்வளவு அந்த எல்லை?

ஸ்டெபனி: சரியா அவைதான் சொல்லுவினம். வருசத்துக்கு ஆயிரத்துக்குக் கிட்ட வரும் எண்டு நினைக்கிறன். நாலாப் பிரிச்சு, மூண்டு மாசத்துக்கு ஒருக்கா.

ஜோசப்பின்: அவருக்கு எட்டு டொலர். எனக்கு ஆயிரம். ஒரே வீடு, ஒரே சோறு.

ஸ்டெபனி: வயதுதான் அன்ரி. உங்களுக்கும் அறுபத்தஞ்சு வந்தா இந்த எல்லையெல்லாம் இல்லை, அங்கிள் மாதிரி ரெண்டு டொலர்தான். உங்கட டேற் ஒஃப் பேர்த்... அறுபத்திரெண்டாம் ஆண்டு ஏப்ரல். இன்னும் ஒண்டரை வருசம்.

ஜோசப்பின்: ...

இக்னேசியஸ்: ...

ஸ்டெபனி: என்ன ரெண்டு பேரும் பேசாமல் இருக்கிறீங்கள்? ஒண்டரை வருசம் கெதியாப் போயிடும். அதுக்குள்ள இந்த ஃபோம். இதை நிரப்புங்கோ, நான் அந்த அம்மாவுக்கு ஃப்ளூ ஊசி போட்டிட்டு வாறன்.

ஜோசப்பின்: ...பேனை இருக்கோ?

இக்னேசியஸ்: இருக்கு.

ஜோசப்பின்: கோவமோ?

இக்னேசியஸ்: இல்லை.

ஜோசப்பின்: கோவம் இல்லையெண்டா உந்தச் சத்தத்தில இல்லை எண்டு சொல்லமாட்டியள்.

இக்னேசியஸ்: உம்மில கோவம் இல்லை. சரி, எழுதுவம். முழுப் பேர்... மரிய ஜோசப்பின் இக்னேசியஸ். விலாசம்... டெலிபோன்...

ஜோசப்பின்: உங்கட எழுத்து இப்பவும் வடிவு.

இக்னேசியஸ்: பிறந்த தேதி, ஜோசப்பின்.

ஜோசப்பின்: அதில கீழ என்ன எழுதியிருக்கு? கையெழுத்து வைக்கிற இடத்துக்கு மேல.

இக்னேசியஸ்: 'இதில் சொன்னதெல்லாம் உண்மை' எண்டு. எல்லா ஃபோமிலயும் கிடக்கிறதுதானே.

ஜோசப்பின்: எல்லா ஃபோமிலயும் கிடக்கும். போன மாசம் உங்கட ஃபோமிலயும் கிடந்தது. அதில கையெழுத்து வைச்சிட்டு மூண்டு இரவு நான் நித்திரை கொள்ளேல்லை.

இக்னேசியஸ்: ஏன்?

ஜோசப்பின்: இஞ்ச வேண்டாம். வீட்டை போய்ச் சொல்லுறன்.

இக்னேசியஸ்: வீட்டை போனா நீர் சமைக்கத் தொடங்கிவிடுவீர். இஞ்சயே சொல்லும்.

ஜோசப்பின்: ஆக்கள் இருக்கினம்.

இக்னேசியஸ்: ஒரு சீனக் கிழவரும் பிறெஷர் மெஷினும். ரெண்டுக்கும் தமிழ் தெரியாது.

ஜோசப்பின்: ...நீங்கள் என்னைப் பாக்காதேங்கோ. ஃபோமைப் பாருங்கோ.

இக்னேசியஸ்: பாக்கிறன்.

ஜோசப்பின்: நான் அறுபத்திரெண்டில பிறக்கேல்லை.

இக்னேசியஸ்: ம்.

ஜோசப்பின்: அம்பத்தெட்டு.

இக்னேசியஸ்: ம்.

ஜோசப்பின்: எனக்கு அறுபத்தேழு. நான்... உங்களை விட ரெண்டரை வயது மூப்பு.

இக்னேசியஸ்: ம்.

ஜோசப்பின்: கலியாணம் பேசேக்கை தரகர் குறைச்சுச் சொன்னவர். உங்கட அம்மா, பொம்பிளை மகனை விட ஒரு நாள் எண்டாலும் மூப்பெண்டா என்ர வீட்டு வாசலுக்கு வரக்கூடாது எண்டு சொன்னவவாம். எங்கட அண்ணை என்னைக் கூப்பிட்டு, உனக்கு இருபத்திநாலு, ஆர் கேட்டாலும் இருபத்திநாலு, வாயைத் திறக்காதை எண்டவர். எனக்கு இருபத்தெட்டு. அந்த வயதுக்கு மேல ஆர் வருவினம் எண்டு பயம். நான் திறக்கேல்லை. பிறகு எப்பிடித் திறக்கிறது? ஒரு கிழமை போச்சு, ஒரு மாசம் போச்சு, யூட்சன் வயித்தில வந்திட்டான். பேந்து கனடா. பாஸ்போட், லாண்டிங் பேப்பர், சிற்றிசன், ஹெல்த் காட்... எல்லாத்திலயும் அந்த வருசம்தான். ஒவ்வொரு தவக்காலமும் பாவசங்கீர்த்தனத்தில சொல்லுறனான், தெரியுமோ? முப்பத்தொன்பது வருசமா. எத்தினை சுவாமிமார் மன்னிச்சிட்டினம். ஒருத்தர் சிரிச்சவர். உங்களிட்டை மட்டும் சொல்லேல்லை.

இக்னேசியஸ்: ...அப்ப நான் இனி உம்மை அக்கா எண்டு கூப்பிடோணுமோ?

ஜோசப்பின்: அடிப்பன்.

இக்னேசியஸ்: மூத்த ஆக்கள் அடிச்சா வாங்கத்தானே வேணும்.

ஜோசப்பின்: நான் அழுறன், நீங்கள் பகிடி விடுறியள்.

இக்னேசியஸ்: அழாதையும். சீனக் கிழவர் பாக்கிறார்.

ஜோசப்பின்: உங்கட அறுபதாவது பிறந்தநாளுக்கு சேர்ச் ஹோலில நீக்கிலாஸ் அண்ணை மைக்கில என்ன சொன்னவர்? 'மாப்பிள்ளைக்கு அறுபது, பொம்பிளை இன்னும் குமர்' எண்டு. எல்லாரும் கை தட்டினவை. நான் தலை நிமிராமல் கேக்கை வெட்டுறன். அண்டைக்கு எனக்கு அறுபத்திரெண்டு.

இக்னேசியஸ்: கேக் வளைஞ்சுதான் வெட்டுப்பட்டது. ஞாபகம் இருக்கு.

ஜோசப்பின்: நீங்கள் ஏன் திடுக்கிடேல்லை?

இக்னேசியஸ்: திடுக்கிட்டுத்தான் இருக்கிறன். உள்ளுக்க.

ஜோசப்பின்: இல்லை. நீங்கள் திடுக்கிட்டா கண்ணாடியைக் கழட்டித் துடைப்பியள். துடைக்கேல்லை.

ஸ்டெபனி: முடிஞ்சுதோ? ...அன்ரி? ஏன் அழுறீங்கள்? அங்கிள், என்ன செய்தனீங்கள்?

இக்னேசியஸ்: நான் ஒண்டும்... பிள்ளை, உம்மட கொம்பியூட்டரில ஒரு பிழை இருக்கு. அன்ரிக்கு அறுபத்துமூண்டு இல்லை. அறுபத்தேழு.

ஜோசப்பின்: ஐயோ, ஏன் சொன்னனியள்?

ஸ்டெபனி: சீரியஸா? அறுபத்தேழு?

ஜோசப்பின்: என்னைப் பிடிச்சு அனுப்பிப்போடுவினமோ?

ஸ்டெபனி: எங்க அனுப்புறது அன்ரி? உங்களை அனுப்பினா கொயரில ஆல்ற்றோக் குரலில ஆர் பாடுறது? அழாதேங்கோ. இந்தாங்கோ ரிஷ்யூ. ...அப்ப ரெண்டு வருசமா நீங்கள் இதை ரெண்டு டொலருக்கு எடுத்திருக்கலாம்.

இக்னேசியஸ்: ஓம். அதைத்தான் நானும் யோசிக்கிறன்.

ஸ்டெபனி: பென்சனும்தான். உங்களை மாதிரிக் கனபேர் இருக்கினம் அன்ரி, எங்கட அப்பாவின்ர வயதும் பிழைதான். அவருக்கு அஞ்சு மாசம்தான் வித்தியாசம். நிலாணி அக்காவைத் தெரியுமெல்லோ, கோயிலில பூக்கள் வைக்கிறவ? அவ லோயர் ஒஃபிஸிலதான் வேலை. இப்பவே மெசேஜ் போடுறன். பேர் சொல்லேல்லை, ஒரு அன்ரி எண்டு போடுறன்.

ஜோசப்பின்: கொயர் எண்டு போடாதை. உடன கண்டுபிடிச்சிடுவா.

ஸ்டெபனி: போடேல்லை. ...வந்திட்டுது. கெதியாத்தான் எழுதுறா. 'திருத்தலாம் எண்டு உறுதியாச் சொல்லமாட்டன், ஆனா கேக்கலாம். ஊரில பிறந்த நேரத்துப் பதிவு ஏதும் இருக்கோ? பழசா இருந்தா நல்லது. அதோட ஒரு கடிதம் வேணும். முதல் பிழை எந்தப் பேப்பரில வந்தது, ஆர் எழுதினது, ஏன் எழுதினது எண்டு.' பிறகு ஒரு ஹார்ட் போட்டிருக்கிறா.

ஜோசப்பின்: அப்ப சரிவராது. பிறப்புப் பத்திரம் ஊர்ச் சண்டையில எரிஞ்சு போச்சு. அரசாங்கக் கச்சேரியில வைச்சிருந்த பதிவும் இல்லை. பாஸ்போட் எடுக்கேக்கை அனுமான வயதுச் சான்றிதழ்தான் கொழும்பில எடுத்தனாங்கள். அதையும் கலியாணப் பதிவில இருந்த வயதைப் பாத்துத்தான் எழுதினவை.

ஸ்டெபனி: அப்ப முதல் பிழை கலியாணப் பதிவில.

ஜோசப்பின்: ஓம். தரகர் சொன்னதை ஆரோ எழுதிப்போட்டினம். தரகர் செத்து இருபது வருசம். அண்ணையும் போயிட்டார். ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? விடு பிள்ளை. ஒண்டரை வருசம்தானே. அந்த ஆயிரம் டொலர் ஃபோமையே நிரப்புவம். ரெண்டு குளிசையும் போடுறன். இவர் இனி என்ர வாயைத் திறந்து பாத்துத்தான் நித்திரைக்கு விடுவார்.

இக்னேசியஸ்: அதை நிரப்பத்தான் வேணும். மற்றது சரிவருமட்டும். ...ஆனா பிறந்த நேரத்துப் பதிவு இருக்கு.

ஜோசப்பின்: எங்க?

இக்னேசியஸ்: இதில.

ஜோசப்பின்: என்ன இது? ஜாக்கெற்றுக்குள்ள என்ன வைச்சிருக்கிறியள்?

இக்னேசியஸ்: பிரிச்சுப் பாரும். மெல்ல, கிழியும். உம்மட ஞானஸ்நானப் பதிவு. ஊர்க் கோயில் புத்தகம் எரியேல்லை. இப்ப அங்க இருக்கிற சுவாமி பக்கத்தைப் பாத்து எழுதி, முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறார்.

ஸ்டெபனி: ஆயிரத்துத் தொளாயிரத்து அம்பத்தெட்டு, ஏப்ரல்... அன்ரி, உங்கட பேர்தான்.

ஜோசப்பின்: இதை எப்ப எடுத்தனீங்கள்?

இக்னேசியஸ்: ஆகஸ்டில எழுதிக் கேட்டனான். எனக்கு அறுபத்தஞ்சு வரப்போகுது, மருந்து மலியப் போகுது, நீர் இன்னும் முழுக்காசு குடுக்கிறீர் எண்டு தெரியும். குளிசையைப் பாதியாக்கினது தெரியாது. தெரிஞ்சிருந்தா அண்டைக்கே கொண்டந்திருப்பன். இது வந்து ஒரு மாசம். ஒவ்வொரு நாளும் ஜாக்கெற்றுக்குள்ள வைச்சுக் கொண்டு திரியிறன். வாய் வரேல்லை.

ஜோசப்பின்: ஆகஸ்டிலயோ? நான் உங்களுக்கு இப்பதானே சொன்னனான்.

இக்னேசியஸ்: ஓம்.

ஜோசப்பின்: ஆர் சொன்னது? பாவசங்கீர்த்தனம் கேட்ட சுவாமி ஆரும்...?

இக்னேசியஸ்: சீ. சுவாமிமார் சொல்லுவினமோ.

ஜோசப்பின்: அண்ணையோ? சாகேக்கை சொன்னவரோ?

இக்னேசியஸ்: உம்மட அண்ணை வாயே திறக்கேல்லை. நல்ல மனுசன்.

ஜோசப்பின்: அப்ப எப்ப இருந்து தெரியும்?

இக்னேசியஸ்: ஸ்டெபனி, ஒரு வெள்ளைக் கடதாசி தாரும்.

ஸ்டெபனி: இந்தாங்கோ அங்கிள்.

ஜோசப்பின்: நான் கேட்டது கேக்கேல்லையோ? எத்தினை வருசமாத் தெரியும்?

இக்னேசியஸ்: பேனையைப் பிடியும். நிலாணி கேட்ட கடிதம். நான் சொல்லச் சொல்ல நீர் எழுதும். எனக்கு இண்டைக்குக் கை சரியில்லை.

ஜோசப்பின்: கடிதத்தில என்ன இருக்கு எழுத? ஆர் எழுதின பிழை எண்டே தெரியாது. செத்த தரகற்ற பேரையோ போடுறது?

இக்னேசியஸ்: தரகர் வாயாலதான் சொன்னவர், எழுதேல்லை. கோயிலில எங்கட கலியாண ஓலை வாசிக்க முதல், சுவாமி என்னைத் தனியக் கூப்பிட்டு உம்மட ஞானஸ்நானச் சிட்டையைக் காட்டினவர். 'தம்பி, பொம்பிளை உன்னை விட மூப்பு, விருப்பமில்லாட்டி இப்ப சொல்லு' எண்டவர். அம்மா அறிஞ்சா எல்லாத்தையும் நிப்பாட்டிப்போடுவா. எனக்கு உம்மை விட மனமில்லை. விவாகப் பதிவுப் பத்திரத்தை நானே நிரப்பித் தாறன் சுவாமி எண்டு கேட்டு வாங்கினனான். அவர் கண்ணாடியைக் கழட்டி மேசையில வைச்சிட்டு யன்னலைப் பாத்தவர். இருபத்தெட்டு எண்டு எழுத வேண்டிய இடத்தில, என்ர வடிவான எழுத்தில, இருபத்திநாலு எண்டு எழுதினனான். சொன்னா நீர் எனக்கு முன்னால தலை குனிஞ்சு நடப்பீர் எண்டு சொல்லேல்லை... அந்த நாலு வருசத்தைத்தான் நீர் இப்ப குளிசை இல்லாமல் கட்டிக்கொண்டிருந்தனீர். எழுதும் ஜோசப்பின், ஆர் எழுதின பிழை எண்டு கேட்ட இடத்தில என்ர பேரை எழுதும்.